பக்கத்து வீட்டுக் குழந்தைகள்

"மூணு நாளா மத்தியானம் நீங்க பயிற்சிக்கே வரலை. எங்கே போனீங்க, வெண்டல்?"

வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நார்மாவுக்கு எரிச்சல் பொங்கியது. கன்சாஸில் அவர்கள் ஊர்ச் சங்கம் வருஷம் முழுக்க நிதி திரட்டி, நாலு பேரை ஒரு மாதம் மெக்சிகோவுக்கு அனுப்பியிருந்தது. ஒரு நர்ஸ், ஒரு டீச்சர், குடிநீர் வாரிய இன்ஜினியர் ஒருவர், தீயணைப்பு வீரர் வெண்டல். அவரவர் தொழிலை இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தெரிந்ததைச் சொல்லித்தர வேண்டும். அடுத்த வருஷம் இங்கிருந்து நாலு பேர் அங்கே வருவார்கள்.

அந்த நாலு பேரையும் கூட்டி வந்த தலைவி நார்மா. முப்பத்தோரு வருஷம் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்து, பள்ளி முதல்வராக ஓய்வு பெற்றவர்.

"ஃபயர் ஸ்டேஷன்ல பன்னிரண்டு பேர் ஏணியும் கயிறுமா உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க என்னடான்னா சந்தைப் பக்கம் சுத்தறதா டிரைவர் சொல்றார். சங்கத்துல நான் என்னன்னு அறிக்கை கொடுக்கறது?"

"ஊர் சுத்தலை, மேடம்."

"பின்னே?"

"ஒரு அம்மாவைப் பார்க்கப் போறேன்."

சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார் வெண்டல்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஜனவரியில், அவர்கள் ஊர் இறைச்சித் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு பற்றி எரிந்தது. உள்ளே ரூபென். இருபத்துநாலு வயசு. மெக்சிகோவில் இந்த ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போன பையன். வெண்டல்தான் அவனைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தார். உயிர் இல்லை.

"சங்கத்து நோட்டீஸ்ல இந்த ஊர் பேரைப் பார்த்தேன். அன்னிக்கே விண்ணப்பம் போட்டுட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்த நார்மாவின் குரல் தணிந்தது. "அவன் அம்மாவைத்தான் பார்க்கப் போறீங்களா? என்ன சொன்னாங்க அவங்க?"

"எம்புள்ள எப்படிப் போனான்னு கேட்டாங்க." வெண்டல் தரையைப் பார்த்தார். "ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துட்டு வந்து, ஹீட்டரைப் போட்டுட்டுத் தூங்கியிருக்கான், மேடம். புகையிலேயே போயிட்டான். நாங்க அஞ்சு நிமிஷம் முன்னால போயிருந்தா... இதை எப்படிச் சொல்றது? பக்கத்து வீட்டுல ரெண்டு குழந்தைங்க தீயில மாட்டிக்கிட்டாங்க, அவங்களைக் காப்பாத்தப் போய்த்தான் உங்க பையன் செத்தான்னு... எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஸ்பானிஷ்ல வாயில வந்துடுச்சு."

"பக்கத்து வீட்டுக் குழந்தைங்களா?"

"பக்கத்துல வீடே கிடையாது. காலி மனை."

நார்மா எழுந்தேவிட்டார். "பெத்தவகிட்டயா பொய் சொன்னீங்க?"

"ஒரு தடவை சொல்லிட்டேன். அவங்க தினமும் வரச் சொல்றாங்க. அந்தக் குழந்தைங்க பேரு என்ன, என்ன படிக்கிறாங்கன்னு கேக்கறாங்க. நானும் சொல்லிக்கிட்டே..."

"வெள்ளிக்கிழமை கிளம்பறோம். அதுக்குள்ள நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க. இல்லேன்னா நான் போய்ச் சொல்லுவேன். இல்லாத ஒண்ணை நம்பிக்கிட்டு அந்தம்மா காலம் பூரா இருக்கணுமா?"

வெண்டல் தலையை ஆட்டினார். ஆனால் அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மற்றவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே நார்மா சந்தைக்குப் பின்னால் இருந்த சந்தில் நுழைந்தார். ரூபெனின் அம்மா எவுலாலியாவின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் கை காட்டினார்கள்.

"வெண்டலோட வந்தவங்களா? வாங்க, செனோரா, உள்ள வாங்க."

பட்டை போட்ட காபி வந்தது. சுவரில் மாட்டிய படத்தில் ரூபென் சிரித்துக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்த எவுலாலியாவின் மடியில் சிவப்புக் கம்பளி நூல். பக்கத்தில் பின்னி முடித்த ஒரு சின்ன ஸ்வெட்டர்.

"அந்தக் குழந்தைங்கள்ல பெரியவளோடது முடிஞ்சிடுச்சு. சின்னவனுக்குக் கை மட்டும்தான் பாக்கி. அங்கே குளிர் ஜாஸ்தியாமே?"

நார்மா குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்தார்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கேக்கக் கஷ்டமா இருக்கும். அந்தக் குழந்தைங்க..."

"அப்படி யாரும் இல்லை. அதானே?"

ஊசி நிற்கவில்லை.

"ரூபென்கூடத் தங்கியிருந்த பையன்தான் உடம்பைக் கொண்டாந்தான், செனோரா. தீப்பிடிச்சப்போ அவன் வேலையில இருந்தானாம். ஹீட்டரைப் பத்தி, எம்புள்ள அசந்து தூங்கினதைப் பத்தி, எல்லாம் அப்பவே சொல்லிட்டான். தூக்கிட்டு வந்தவர் வாயால ஒரு தடவை கேக்கணும்னுதான் அவர்கிட்ட கேட்டேன்."

நார்மா அந்தச் சின்ன ஸ்வெட்டரைப் பார்த்தார். "தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா தினம் வரச் சொன்னீங்க? தெரிஞ்சுமா இதைப் பின்னறீங்க?"

எவுலாலியா ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"முதல் நாள் இந்த வாசல்ல நின்னு அந்த மனுஷன் அழுத அழுகையை நீங்க பார்க்கலை. குழந்தைங்க பேரைக் கேட்டேன், முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. படிப்பைக் கேட்டேன், இன்னும் கொஞ்சம் தெளிஞ்சுது. நீங்க எதையும் சொல்லிடாதீங்க, தாயி. எம்புள்ளையை வெளியே தூக்கிட்டு வந்தவர், நாலு வருஷமா இன்னும் தோள்லேருந்து இறக்கலை. நான் நம்பிட்டேன்னு தெரிஞ்சாத்தான் இறக்கி வைப்பார்."