யாரும் தொடாதீங்க

"புரோகிராம் ஓடுறதுக்கான இந்த கன்டெய்னர் இமேஜ் நாலு வருஷம் பழசு சார். புது பேக்கேஜ் கேட்கிற வெர்ஷன் இதுல இல்லை. இதை மாத்தினாத்தான் புரோகிராம் ஓடும்," என்றாள் பூர்ணிமா. நியூ டவுன் ஐ.டி. அலுவலகத்தில் அவள் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

"ஐயோ, கை வச்சிடாதம்மா!" பதறினார் டீம் லீடர் ஜெய்ராம். "முதல் வரியைப் பாரு."

ஃபைலின் உச்சியில் இருந்தது: 'யாரும் தொடாதீங்க – ராஜ்மோகன்.'

"அவர் பெரிய மூளைக்காரர். காரணம் இல்லாம எழுத மாட்டார். நாங்க நாலு வருஷமா சுத்தி வளைச்சுத்தான் சமாளிக்கிறோம்."

மூன்று மணிக்கு கிளையண்ட்டுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். பூர்ணிமா, இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் ராஜ்மோகனுக்கே ஃபோன் போட்டாள்.

"நானா எழுதினேன்? என்னைக்கு?"

"செப்டம்பர் பதினாறு, சாயங்காலம் சார்."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "மறுநாள் விஸ்வகர்மா பூஜைம்மா! நம்ம ஆயுத பூஜை மாதிரி. நான் சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில வளர்ந்தவன். அன்னைக்கு ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட விடமாட்டாங்க. அதான் விளையாட்டா ஃபைல்லயும் எழுதி வச்சேன். அப்புறம் அந்த வரியை அழிக்க மறந்துட்டேன்."

ஜெய்ராம் பவ்யமாக நெருங்கினார். "என்னவாம்?"

"பூஜை முடிஞ்சிருச்சாம் சார். இனிமே தொடலாமாம்."