பிடித்தவருக்கு அதிகாரம் இல்லை

செல்லூரில் பைக் திருடியவனைப் பிடித்து, துண்டால் கையைக் கட்டினார் ஊர்க்காவல் படைக்காரர் அருள்பாண்டி. பிடிக்கலாம், கைது செய்யும் அதிகாரம் கிடையாது. ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும்வரை காவல் நிற்க வேண்டுமாம்.

ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"ஐயா, சீக்கிரம் ஆள் அனுப்புங்க. பத்து மணிக்குத் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் குத்துவாக?"

"போலீஸ் பூராவும் மந்திரி பந்தோபஸ்துல இருக்குய்யா. உங்க படையிலயே புதுசா சேந்த ஒருத்தனை அனுப்புறேன். ஒப்படைச்சிட்டுப் போ."

போனை வைத்ததும் திருடனின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"எடுத்துக் காதுல வைங்கண்ணே," என்றான். அருள்பாண்டி வைத்தார்.

"வணக்கம்யா... செல்லூர்லதாங்கய்யா நிக்கிறேன்... இந்தா, உடனே கூட்டிட்டு வாரேங்கய்யா."

பிறகு அருள்பாண்டியிடம் சொன்னான்.

"படையில புதுசா சேந்த ஆளு நான்தாண்ணே. ஐயா உத்தரவு. கட்டை அவுத்துவிட்டுட்டு நீங்க கிளம்புங்கண்ணே. திருடனை நான் பத்திரமா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்."