நசுக்கினா இழுக்கும்

“கத்தரிக்கோலைக் கீழே போடுங்க சார்!” நர்ஸ் வாசலிலிருந்தே அலறினாள். கட்டிலின் மேல் குனிந்திருந்த மனிதர் திரும்பவே இல்லை. அவர் கையிலிருந்த கத்தரிக்கோல், மகளின் வாயில் செருகியிருந்த மூச்சுக்குழாய்க்கு நான்கு விரல் மேலே நின்றது.

“முடி வெட்டறேன்மா,” என்றார். “கண்ணை மறைக்குது. இன்னிக்காவது பாக்க லட்சணமா இருக்கட்டும்.”

நர்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் சலூன்காரர் என்பது அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. முப்பது வருஷமாக ஊர் முடியை எல்லாம் வெட்டுகிறவர், சொந்த மகளின் தலையை வேறொருத்தர் தொட விட்டதில்லை.

“பாப்பா, அசையாதே. அப்பா சொல்ற வரைக்கும் அப்படியே இருக்கணும், தெரியுதா?”

கடை நாற்காலியில் பலகை போட்டு உட்கார வைத்த காலத்திலிருந்து அவளிடம் சொல்லிப் பழகிய வாய். இருபத்திரண்டு நாளாகக் கட்டை மாதிரி கிடக்கிற பெண்ணிடம் போய் இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தாங்குமா? நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவருக்கு மட்டும் தாங்கியதா என்ன? கடையில் பிளேடு தீர்ந்துவிட்டது, ஓடிப்போய் வாங்கிட்டு வாம்மா என்று அன்றைக்கு அவளை அனுப்பியதே அவர்தான். பிளேடு தீராமல் இருந்திருந்தால் அவள் போயிருக்க மாட்டாள், போகாமல் இருந்திருந்தால் அந்த லாரி... எங்கே சுற்றினாலும் கடைசியில் தன் வாய்க்கே வந்து சேருவார்.

ஒரு பக்கம் வெட்டி முடிப்பதற்குள் டாக்டர் உள்ளே வந்துவிட்டார். சலூன்காரர் அவசரமாகக் கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

தினமும் காலையில் டாக்டர் தன் பேனாவை வைத்து அவள் விரல் நகத்தை அழுத்துவார். கை வெடுக்கென்று பின்னால் போகும். “பாத்தீங்களா, அவளுக்குத் தெரியுது!” என்று இவர் துள்ளுவார். டாக்டரும் சளைக்காமல் அதே பதிலைச் சொல்வார்.

“இது உங்க பொண்ணு செய்யறது இல்லைங்க, நரம்பு செய்யறது. சுவிட்சைத் தட்டினா லைட் எரியற மாதிரி. நசுக்கினா இழுக்கும், அவ்வளவுதான். அவளா நினைச்சு ஒண்ணே ஒண்ணு செய்யட்டும், இந்தக் குழாயை நான் தொடவே மாட்டேன்.”

அந்த ஒண்ணே ஒண்ணுக்குக் கொடுத்திருந்த கெடு இன்று காலையோடு முடிந்தது.

“கடைசியா ஒரு தடவை பாத்துடறேன்,” என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

அழுத்தினார். கை அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். நகம் வெளுத்தது, கை போட்டது போட்டபடி கிடந்தது. அடுத்த கையிலும் பார்த்தார். அதுவும் அப்படித்தான்.

“நேத்துகூட இழுத்தாளே டாக்டர்! இன்னொரு தடவை அமுக்குங்க. வலிச்சாலும் பரவாயில்லை, நல்லா அமுக்குங்க!” பெற்ற மகளுக்கு வலிக்கட்டும் என்று கெஞ்சுகிற நிலைமை எந்த அப்பனுக்கும் வரக்கூடாது.

“காரணம் இல்லாம எதுவும் நிக்காதுங்க,” என்றார் டாக்டர் மெதுவாக. “மிச்சம் இருந்த நரம்பும் போயிடுச்சு. இதுக்கு மேல இழுத்தடிச்சா அவளுக்குத்தான் கஷ்டம். அவங்க அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்களுதுதான் பாக்கி.”

படிவத்தோடு அதே பேனாவையும் நீட்டினார். சலூன்காரர் வாங்கினார். படிவத்தைப் பார்த்தார், மகளின் தலையைப் பார்த்தார், பேனாவைக் கட்டில் ஓரமாக வைத்தார்.

“இருங்க டாக்டர். பாதி முடியோட எம்பொண்ணை அனுப்ப மாட்டேன்.”

யாரும் தடுக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து மறுபக்கத்தையும் ஒழுங்காக வெட்டினார். முகத்தில் உதிர்ந்த முடியை வாயால் ஊதினார், கழுத்தைத் துண்டால் துடைத்தார். கண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்ததும் வழக்கம்போல ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்.

“முடிஞ்சுதுடா பாப்பா. இனி அசையலாம்.”

கட்டிலை விட்டு எல்லோரும் தள்ளித்தான் நின்றார்கள். போர்வையின் மேல் கிடந்த அவளுடைய வலது கை மெல்ல மெல்ல மடங்கி, நகம் வெளுத்திருந்த விரலை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டது.

“யாரும் தொடலியே!” டாக்டர் திணறினார். “நசுக்கினப்போ சும்மா இருந்த கை... காரணமே இல்லாம இப்ப எப்படி...?”

சலூன்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அசையாதேன்னு சொன்னது நான்தான், டாக்டர்!”