பெரியவனுக்கு மட்டும்

முதலில் துரோகம் செய்தது அண்ணன்தான்.

அப்பாவை அடக்கம் செய்த கையோடு வெல்டிங் பட்டறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் பார்க்க, "வேணும்னா கூலிக்கு வாடா" என்றார் தம்பியிடம். அன்றைக்கு நின்றது இருவருக்கும் பேச்சு. இப்போது இரண்டு தலையும் நரைத்துவிட்டது.

தங்கை வந்து எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாள்.

"பெரியண்ணனை ஆஸ்பத்திரியில எப்படித் தாங்குறாங்க தெரியுமா, சின்னண்ணே! பரம்பரையா வர்ற குடல் புற்றுநோயைப் பத்தி ஆராய்ச்சியாம். ரத்தத்துல மரபணு பார்க்கறாங்க. என்னையும் கூட்டிட்டுப் போச்சு. எனக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

"என்னை?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள். "'அவனுக்கு எதுக்கு?'ன்னுடுச்சு."

சின்னவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"எதுக்கா? நான் என்ன தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா?"

மறுநாள் காலை அந்த ஆஸ்பத்திரியில் நின்றார். நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பட்டறைக்காரரோட தம்பிதானே? அதே மூக்கு!"

"அந்த மூக்கும் முதல்ல அவனுக்குத்தான் போச்சு" என்று முணுமுணுத்தபடி உள்ளே நுழைந்தார்.

"ஏன் டாக்டரம்மா, அவன் உடம்புல ஓடற ரத்தம்தானே என் உடம்புலயும் ஓடுது? அவனுக்கு மட்டும் என்ன ஒசத்தி?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"உங்க அப்பா எதுல இறந்தாரு?"

"குடல் புற்றுநோய். தாத்தாவும் அதுலதான் போனாரு."

"அந்தப் பழுது மரபணு வழியா இறங்கி வருது. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்ககிட்ட இருந்தா, குடலுக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணும். ரத்தம் கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. யோசிச்சுச் சொல்லுங்க."

சின்னவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். பார்வை கதவுப் பக்கம் போனது.

"அண்ணன் பார்த்துக்கிட்டானா?"

"முதல்ல ரத்தம் கொடுத்ததே அவர்தான்."

"அதானே! எதுலதான் அவன் முந்தல?" சட்டைக் கையைச் சரசரவென்று சுருட்டினார். "எடுங்க, டாக்டரம்மா."

பழுது இருந்தது. பேதி மருந்து கொடுத்து, குழாய் விட்டு, குடலுக்குள் மொட்டு மொட்டாய் முளைத்திருந்த மூன்று கட்டிகளை வெட்டி எடுத்தார்கள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. விட்டிருந்தா புற்றுநோயா மாறியிருக்கும். இனி வருஷா வருஷம் தவறாம வந்து பார்த்துக்குங்க" என்றார் டாக்டரம்மா.

சின்னவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணா? அவனுக்கு எத்தனை எடுத்தீங்க?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சப்புறம் சொல்லுங்கன்னாரு. அவருக்கு முத்திப்போச்சுங்க. ஈரல் வரைக்கும் பரவிடுச்சு. வெட்டி எடுக்க வழியில்லை."

சின்னவர் போர்வையைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, மெல்லக் கேட்டார்.

"அவன் என்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்கணும். அது பாக்கி நிக்குது. அதைப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

"இல்லைங்க. சொந்தக்காரங்களை நாங்களா கூப்பிட முடியாது, நோயாளிதான் சொல்லி அனுப்பணும். தம்பிக்குச் சொல்லுங்கன்னு நான் கெஞ்சினப்போ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: 'நான் வாடான்னா வரமாட்டான், டாக்டரம்மா. அவனுக்கு இது கிடையாதுன்னு தங்கச்சிகிட்டச் சொல்லி விடறேன். தலைதெறிக்க ஓடி வருவான், பாருங்க!'"