எண் கேட்கும் பேச்சு

ஆளே ஏறாத மலை உச்சியில் மழை அளக்கும் கருவி ஒன்று தனியாக நின்றது. பெய்த மழையை தினமும் காலையில் அடிவாரத்துப் பெட்டிக்குக் கூப்பிட்டுச் சொல்வதுதான் அதன் வேலை. அந்தப் பெட்டி பழுதாகிவிட, கழற்றிவிட்டுப் புதுசு மாட்டினார்கள்.

கருவிகள் பேசும் பேச்சில் பல வகை; பழசுக்குச் சின்ன எண், புதுசுக்குப் பெரிய எண். யார் கூப்பிட்டாலும் முதலில் எந்த எண் பேச்சு தெரியும் என்று விசாரித்துக்கொள்வார்கள். அந்த விசாரிப்பும் அதையொட்டிய பேச்சும் மட்டும் எல்லாருக்கும் பொது. எண் ஒத்துப்போனால்தான் மற்ற பேச்செல்லாம்.

"எனக்கு இரண்டு தெரியும் அக்கா" என்றது கருவி.

"எனக்கு நாலுல இருந்து ஏழு வரைக்கும். நமக்கு ஒத்துவராது தம்பி, வைக்கிறேன்" என்றது புதுப்பெட்டி.

மறுநாள் கருவி துணிந்து, "எனக்கு ஏழு தெரியும்" என்று புளுகியது. பெட்டி சந்தோஷமாக ஏழில் கடகடவென்று பேசியது. கருவிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. விழித்தபடியே மழை அளவை இரண்டில் சொன்னது.

"என்னடா உளறுற? தெரியாததைத் தெரியும்னா சொல்லுவ?" என்று பெட்டி துண்டித்துவிட்டது.

அதன் பிறகு கருவி பொய் சொல்லவில்லை. தினமும் கூப்பிட்டு "இரண்டு" என்றது. அளந்த மழையைக் கேட்க ஆளில்லாமல் கீழே கொட்டியது.

ஒருநாள் பெட்டி கேட்டது: "ஒத்துவராதுன்னு தெரிஞ்சும் ஏன்டா தினம் கூப்பிடுற?"

"நீங்க அப்படிச் சொல்றதாவது எனக்குப் புரியுதே அக்கா. இங்கே வேற யாரும் என்கிட்ட பேசுறதில்ல."

பெட்டி உடனே வைக்கவில்லை. மேலே மழை பெய்யும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் வைத்தது.