முதுகைக் காட்டிய மச்சினன்

நூலகத்து அறையில் நடந்த முடிச்சு வகுப்பில் பூ முடிச்சு ஒருத்தருக்கும் வரவில்லை. நாலு இதழ் விரிய வேண்டும். இழுத்தால் வெறும் கயிறுதான் மிஞ்சியது.

முடிச்சு மாஸ்டருக்கு மூக்கு நுனி சிவந்தது. துறைமுகத்தில் காலமெல்லாம் கயிறு கட்டிய கை. வாய்தான் வராது. "இதை இப்படிப் போடு, அதை அப்படி இழு." பாடமே அவ்வளவுதான்.

சாமான்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் காசு ஆகாதவை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியட்டும் என்று முதலில் தாம்புக்கயிறு கொடுத்தார். தபால்காரர் தன்னையே நாற்காலியோடு கட்டிக்கொண்டார். அட்டைப்பெட்டியைக் கிழித்து, கயிறு நழுவாமல் இருக்கக் குண்டூசி குத்திக் கொடுத்தார். அதன்மேல் பல் டாக்டர் உட்கார்ந்தார். இன்று ஷூ லேஸ். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

நூலகத்து அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னிக்கு ஒரு முடிச்சாவது ஒழுங்கா வரணும் சார். இல்லேன்னா அடுத்த வாரம் இந்த ரூம் சிரிப்புப் பயிற்சிக்காரங்களுக்கு."

"அவங்களை இங்கேயே வந்து உட்காரச் சொல்லுங்க. பயிற்சியே வேண்டாம்," என்றார் தபால்காரர்.

இந்த அறை போனால் மாஸ்டருக்குப் போக்கிடம் இல்லை. வீட்டில் திரைச்சீலை, துணிக்கொடி, பாவாடை நாடா எல்லாவற்றையும் முடிந்து தீர்த்தாகிவிட்டது. காலையில்கூட, "ஏங்க, நீங்க எதிர்ல நின்னு காட்டினா..." என்று ஏதோ சொல்ல வந்த மனைவியை, "உனக்கென்னடி தெரியும்" என்று அடக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.

அப்போதுதான் கடைசி வரிசை கண்ணில் பட்டது.

மச்சினன். மாஸ்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். எதிரே ஜன்னல் கட்டையில் முகம் பார்க்கும் கண்ணாடி.

"டேய்! பாடம் இங்க நடக்குது."

"தெரியுது மாமா."

"முதுகுலயா தெரியுது? மண்டையில ஒரு முடி கிடையாது, கண்ணாடி என்னத்துக்குடா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"நீங்க நடத்துங்க மாமா."

"பிஸ்கட் திங்க வர்ற பயலுக்குத் திமிரைப் பாரு! உங்கக்காகிட்ட சொல்றேன், இரு. எங்க, கையைக் காட்டு!"

மச்சினன் திரும்பினான். நுனிகளை இழுத்தான்.

பூ. சிவப்பும் நீலமுமாக நாலு இதழ்.

மாஸ்டர் அதைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்படிடா?"

"எதிர்ல உட்கார்ந்தா உங்க வலது எங்களுக்கு இடதாத் தெரியுது மாமா. பாதியை மாத்திப் போடறோம், பாதியை மறந்துடறோம். திரும்பி உட்கார்ந்து கண்ணாடியில பார்த்தா, உங்க வலது நம்ம வலது பக்கமே வந்துடுது."

தினமும் கண்ணாடியை விட்டுப் பல் பார்க்கிற டாக்டர் வாயைப் பிளந்தார்.

கைப்பைகள் திறந்தன. தபால்காரர் ஓடிப்போய் ஸ்கூட்டர் கண்ணாடியையே கழற்றி வந்தார். மொத்த வகுப்பும் மாஸ்டருக்கு முதுகைக் காட்டியது.

நூலகத்து அம்மா மறுபடி எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். "என்ன சார், எல்லாரும் கோவிச்சுக்கிட்டாங்களா?"

பதிலாக வரிசை வரிசையாகப் பூ உயர்ந்தது. அறை தப்பியது.

மாஸ்டர் மச்சினன் முதுகில் ஓங்கித் தட்டினார். "மூளைக்காரன்டா நீ! இன்னும் ரெண்டு பிஸ்கட் எடுத்துக்க."

மச்சினன் நாலு எடுத்துக்கொண்டான்.

"எனக்கேது மாமா மூளை? 'உங்க மாமா எதிர்ல உட்கார்ந்தா ஒண்ணும் விளங்காது. முதுகைத் திருப்பிக்கிட்டாதான் எல்லாம் சரியா வரும். இத்தனை வருஷமா நான் அப்படித்தான் குடித்தனம் பண்றேன். நான்தான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே, மனுஷன் மனசு நொந்துடுவார்'னு சொல்லி, கண்ணாடியைக் கையில கொடுத்து அனுப்பினதே அக்காதான்!"