சட்டைப் பையில் நாற்பத்தேழு

"அங்கிள், பாக்கெட்ல என்ன?"

சங்கமித்ரா கேட்டதும் ரெமிஜியஸின் இடது கை அப்படியே நின்றுவிட்டது.

விவேக் நகரில் அந்த வீட்டுக்கு அவள் பேயிங் கெஸ்டாக வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகுதான் வம்பு. ஏழரைக்குக் கை கழுவியதும் எல்லாரும் மறுபடி மேஜைக்கு வந்து ஹவுஸி ஆட வேண்டும். வீட்டுக்காரர் ரெமிஜியஸ் துணிப்பைக்குள் கைவிட்டு, காய்களை ஒவ்வொன்றாக எடுத்து நம்பர் கூப்பிடுவார். அவர் மனைவி ஸ்டெல்லா, பக்கத்து அறை சிந்து, சங்கமித்ரா மூவரும் அவரவர் டிக்கெட்டில் அடித்துக்கொண்டே வர வேண்டும். பதினைந்து நம்பரையும் முதலில் அடித்து 'ஹவுஸ்' சொல்பவருக்கு ஒரு சந்தன சோப்பு.

நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஒருநாள் சிந்து பாத்ரூம் பக்கம் நகர்ந்தபோது ஸ்டெல்லா ஆண்ட்டி கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். இது வீடா, ஜெயிலா என்று சங்கமித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கோலார் தங்கவயல்காரி. கிளப் ஹவுஸி பார்த்து வளர்ந்தவள். ஆபீஸிலும் சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? தினமும் எல்லாருக்கும் ஒன்றிரண்டு நம்பர் பாக்கி நிற்கும். அது எட்டரைக்கு மேல்தான் பையிலிருந்து வெளியே வரும். முதல் வாரமே அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

மனுஷனுக்கு ஒழுங்காகக் கூப்பிடவும் தெரியவில்லை. எண்பத்தெட்டு வந்தால் கிளப்பில் "ரெண்டு குண்டு லேடீஸ்" என்பார்கள், ஹாலே சிரிக்கும். இவர் "ரெண்டு மூக்குக்கண்ணாடி" என்பார்.

"பாக்கெட்ல ஒண்ணும் இல்லம்மா. பீடா."

"பீடா கலகலன்னு சத்தம் போடுமா அங்கிள்?"

வேறு வழியில்லாமல் அவர் பாக்கெட்டைக் காலி செய்தார். மேஜைமேல் பன்னிரண்டு காய்கள் உருண்டன. சங்கமித்ராவுக்குப் பாக்கி நின்ற நாற்பத்தேழும் அதில் இருந்தது.

"ஒரு சோப்பு ஆண்ட்டிக்கே கிடைக்கணும்னு ஏமாத்தறீங்களே அங்கிள். ஞாயித்துக்கிழமையானா குழந்தை இயேசு கோயில்ல முதல் பெஞ்சுல உட்கார்றீங்க."

ரெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டெல்லா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவரை விடு மித்ரா" என்றாள் சிந்து. "அதெல்லாம் எனக்காகத்தான்."

"உனக்காகவா?"

சிந்து தன் டிக்கெட்டின் மடிப்பை விரலால் நீவினாள். "எனக்கு புலிமியான்னு ஒரு வியாதி. வயித்துல இடமில்லாத அளவுக்குச் சாப்பிடுவேன். அப்புறம் குண்டாயிடுவேன்னு பயந்து, பாத்ரூம் போய் அத்தனையும் வாந்தி எடுத்துடுவேன். ரெண்டு வருஷம் யாருக்கும் தெரியாது. ஆண்ட்டிதான் கண்டுபிடிச்சு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாங்க."

சங்கமித்ரா பென்சிலைக் கீழே வைத்தாள். சிந்து மேலே சொன்னாள்.

"மருந்து, கவுன்சலிங் எல்லாம் நடக்குது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் தனியா இருக்காதே, யார்கூடவாவது பேசு, விளையாடுன்னாங்க டாக்டரம்மா. அதைத் தாண்டிட்டா அந்த வெறி அடங்கிடுது. நான் எழுந்தா பிடிச்சு உட்கார வைங்க ஆண்ட்டின்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

"இன்னியோட எழுபத்தொரு நாள் ஆச்சு, ஒரு தடவைகூட இல்ல" என்றார் ஸ்டெல்லா, தன் பிள்ளை பாஸானதைச் சொல்வதுபோல.

ரெமிஜியஸ் தொண்டையைக் கனைத்தார். "எனக்குப் பேச வராதும்மா. ஹவுஸிதான் கூப்பிடத் தெரியும். அதுவும் அரை மணியில முடிஞ்சு போயிடுது, ஆளுக்கொரு பக்கம் எழுந்து போயிடறீங்க. அதான் கொஞ்சம் பாக்கெட்ல..."

அந்த ரெண்டு மூக்குக்கண்ணாடி ஏன் என்று சங்கமித்ராவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. காய்களை அள்ளித் தானே பைக்குள் போட்டாள்.

"ஸாரி அங்கிள்."

"பரவால்லம்மா. நாளைக்குப் பாரு."

மறுநாள் ரெமிஜியஸ் பாக்கெட்டே இல்லாத பனியனோடு வந்து உட்கார்ந்தார். "இன்னிக்கு நேர்மையான ஆட்டம். மொத்தம் தொண்ணூறு காய், எண்ணிக்கோ."

எண்ணினாள். தொண்ணூறும் இருந்தன.

எட்டு மணிக்கு நாற்பத்தேழு வந்தது. அதோடு சங்கமித்ராவின் பதினைந்தும் முடிந்தன. 'ஹவுஸ்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் அரை மணி இருந்தது. டிக்கெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"எனக்கு ஒண்ணு பாக்கி அங்கிள்."

"எனக்கும்" என்றார் ஸ்டெல்லா, தன் டிக்கெட்டை மடியில் இறக்கியபடி.

ரெமிஜியஸ் கூப்பிட்டுக்கொண்டே போனார். எண்பத்தெட்டு வந்ததும் "ரெண்டு மூக்குக்கண்ணாடி" என்று அவருக்கு முன்னால் சங்கமித்ராவே கத்தினாள். சிந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எட்டு முப்பத்தைந்துக்கு அவர் கை பைக்குள் துழாவியது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். ஒன்றும் விழவில்லை.

"என்னம்மா இது, தொண்ணூறும் கூப்பிட்டாச்சு. யாருமே ஹவுஸ் சொல்லலையே?"

பதினைந்தும் அடித்திருந்த தன் டிக்கெட்டைச் சிந்து மெல்லக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு இன்னும் ஒரே ஒரு நம்பர் வரணும் அங்கிள். நீங்க கூப்பிடுங்க."